ரம்மி ஆப்பில் பிடித்த வரி திரும்ப வருமா?

பெரம்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "மாதச் சம்பளம் 45,000 ரூபாய். வருமான வரி கிடையாது. 2025 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒரு ரம்மி ஆப்பில் 50,000 போட்டு 80,000 எடுத்தேன். அதில் 9,000 ரூபாய் டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். இன்னொரு ஆப்பில் 45,000 போட்டு முழுதும் போச்சு. மொத்தத்தில் நஷ்டம்தானே? 9,000 ரீஃபண்ட் வருமா? இப்போது நண்பர் ஒரு வெளிநாட்டு ஆப் லிங்க் அனுப்புகிறார், அதில் வரியே இல்லையாம்."

வராது. இன்னும் 360 ரூபாய் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

2023 ஏப்ரல் 1 முதல் ஆன்லைன் விளையாட்டில் வெல்லும் பணத்துக்குத் தனிக் கணக்கு. எடுத்ததிலிருந்து போட்டதைக் கழித்தால் வருவது நிகர வெற்றி. உங்களுக்கு 30,000. அதில் 30 சதவீதம் 9,000. அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம், 360 ரூபாய். இதை கம்பெனி பிடிக்காது, ரிட்டர்ன் போடும்போது நாம் கட்ட வேண்டும். சம்பளத்துக்கு வரி இல்லாமல் செய்யும் 87ஏ தள்ளுபடி புதிய வரித் திட்டத்தில் இந்த வருமானத்துக்குக் கிடையாது. ஒரே கம்பெனியில் போட்டதும் எடுத்ததும் கழிந்துகொள்ளும். இன்னொரு கம்பெனியில் தோற்ற 45,000ஐ இங்கே கொண்டுவந்து கழிக்க வழியில்லை. வரிக்கு முன்பே 15,000 நஷ்டம், காகிதத்தில் 30,000 லாபம்! எனக்கும் இது நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான்.

ஜிஎஸ்டி இதற்கும் முன்னாலேயே போய்விட்டது. 2023 அக்டோபர் முதல் நீங்கள் போடும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம். 10,000 போட்டால் அதற்குள் சுமார் 2,188 வரி, மீதி 7,812தான் ஆட்டத்துக்கு. பல கம்பெனிகள் அந்தக் குறையை போனஸ் என்ற பெயரில் நிரப்பிக் காட்டியதால் யாருக்கும் உறைக்கவில்லை. ஆடாமலே பணத்தைத் திரும்ப எடுத்தாலும் அந்த வரி குறையாது. தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறாமல் திரும்பினால் நுழைவுச் சீட்டுக் காசு வருமா? அதே கதைதான். வென்றதை ஆப்பிலேயே வைத்து ஆடினால் மறுபடி ஜிஎஸ்டி இல்லை, வங்கிக்கு எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் மறுபடி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த விகிதம் 40 சதவீதம்.

சரி, இப்போது என்ன செய்வது? ஐடிஆர்-1 ரிட்டர்ன் படிவத்தைப் போடாதீர்கள், அதில் இந்த வருமானத்துக்கு இடமில்லை. ஐடிஆர்-2 எடுங்கள். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்த 9,000 ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஆப்பில் பணம் போட்ட, எடுத்த விவரம் முழுவதையும் இன்றே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். கணக்குப் போட்டது கம்பெனி, அதைச் சரிபார்க்க உங்களிடம் வேறு காகிதம் கிடையாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் மத்திய சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்ததும் பெரிய கம்பெனிகள் அவற்றை நிறுத்திவிட்டன. ஆப் எத்தனை நாள் திறக்கும் என்று சொல்ல முடியாது. வாலட்டில் மீதி இருந்தால் எடுத்துவிடுங்கள். நிதியாண்டின் கடைசி நாளில் அதில் கிடக்கும் வெற்றிப் பணத்துக்கும் டிடிஎஸ் உண்டு.

நண்பரின் லிங்க்? வெளிநாட்டுக் கம்பெனிக்கும் ஜிஎஸ்டி உண்டு, டிடிஎஸ் உண்டு. அவர்கள் பிடிக்கவில்லை என்பதால் உங்கள் வரி மறைந்துவிடாது. மத்திய சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை, நடத்துபவருக்குத்தான் 3 ஆண்டு வரை சிறை. ஆனால் 2022 தமிழ்நாடு சட்டத்தில், அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டம் என்றால் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம் அல்லது இரண்டும். போதாததற்கு, இந்த ஆப்கள் பல சமயம் யாரோ ஒரு தனிநபரின் யுபிஐக்குப் பணம் அனுப்பச் சொல்கின்றன. அந்தக் கணக்கு மோசடி வழக்கில் சிக்கினால், அதிலிருந்து பணம் வந்த உங்கள் சம்பளக் கணக்கும் முடங்கலாம்.