அப்பீலை நீதிமன்றம் ஏற்குமா, தள்ளுமா?

ஏறாவூரிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "தம்பிக்கு மட்டக்களப்பு நீதவான் நீதிமன்றம் ஒரு வருடச் சிறை கொடுத்துவிட்டது. அப்பீல் போட்டால் மேல் நீதிமன்றம் எடுக்குமா, பார்க்காமலே தள்ளிவிடுமா?"

முதலில் பயத்தை விடுங்கள் தங்கச்சி. நீதவான் தீர்ப்புக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போவது தம்பியின் உரிமை, அதற்கு யாரிடமும் முன் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் 14 நாள் கெடு இருக்கிறது. மனுவைக் கொடுப்பது மேல் நீதிமன்றத்தில் இல்லை, தண்டனை கொடுத்த அதே நீதவான் நீதிமன்றத்தில்தான். தம்பி உள்ளே இருப்பதால், அப்பீல் செய்ய விரும்புவதையும் காரணங்களையும் அந்தக் கெடுவுக்குள் சிறை அதிகாரியிடம் சொன்னாலும் சட்டம் ஏற்கும். வழக்கேட்டின் பிரதி கைக்கு வரட்டும் என்று காத்திருந்தே நிறையப் பேர் நாளைக் கோட்டைவிடுகிறார்கள், அது வேண்டாம், மனுவை முதலில் போடுங்கள், அப்புறம் பிணைக்கும் அங்கேயே விண்ணப்பியுங்கள்.

மனுவில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. "தீர்ப்பு அநியாயம்" என்று மட்டும் எழுதினால் நீதிபதிக்குப் பிடிக்க ஒரு நுனியும் கிடைக்காது. "முதலாம் சாட்சி பொலிஸில் இரவு என்றும் மன்றில் பின்னேரம் என்றும் சொன்னார், நீதவான் இந்த முரண்பாட்டைக் கணக்கிலெடுக்கவில்லை" என்று எழுதினால் அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தே ஆகவேண்டும். சட்டப் பிரச்சினையைக் கிளப்பினால், அது தீர்க்கத் தகுந்த கேள்விதான் என்ற சட்டத்தரணியின் அத்தாட்சியும் மனுவில் இருக்கவேண்டும். பிழை இருப்பது மட்டும் போதாது, அந்தப் பிழையால் தம்பிக்கு நீதி தவறியதா என்றுதான் கடைசியில் பார்ப்பார்கள்.

நீங்கள் பயப்படுகிற "எடுப்பதா, விடுவதா" என்ற கட்டம் அதற்கும் மேலேதான் வரும். மேல் நீதிமன்றத்திலும் தோற்று, நாட்டின் ஆக மேலான நீதிமன்றமாகிய கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் அனுமதி வேண்டும், அங்கே சாட்சி பொய் சொன்னார் என்பது எடுபடாது, கனதியான ஒரு சட்டக் கேள்வி இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

14 நாள் கடந்திருந்தால், தீர்ப்பைத் திரும்பப் பார்க்கும்படி மேல் நீதிமன்றத்தைக் கேட்கும் மீளாய்வு மனு ஒன்று மிஞ்சும். அது உரிமை இல்லை, நீதிமன்றத்தின் விருப்புரிமை. விசேட காரணம் காட்டவேண்டும், தாமதத்துக்கும் பதில் சொல்லவேண்டும்.

தீர்ப்புத் திகதியை நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே அதைப் பார்த்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள், காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.