களி உருண்டையும் கடலைச் சட்னியும்

கேள்வி: எனக்கு வயது 38. வீட்டிலேயே தையல் வேலை. நான்கு மாதமாக வீகன். பால், தயிர், நெய், முட்டை, கறி எல்லாம் விட்டாச்சு. முதல் மாதம் 78 கிலோவிலிருந்து 76க்கு வந்தேன். இப்போது 79! காலையில் நான்கு தோசை, கடலைச் சட்னி. மதியம் சோறு, குழம்பு. சாயங்காலம் இரண்டு கடலை மிட்டாய். இரவு ராகிக் களி. களி தின்றால் இளைக்கும் என்றுதானே சொல்கிறார்கள்? எங்கே தப்பு?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: முதல் தப்பு சட்னியில், தங்கச்சி. நானும் பென்னாகரத்துக்காரிதான். நம் பக்கத்துக் கடலைச் சட்னி எனக்குத் தெரியாதா? கரண்டியை நட்டால் நிற்கும். நான்கு தோசைக்கு 50 கிராம் கடலை சுலபமாக உள்ளே போய்விடும். அதுவே கிட்டத்தட்ட 280 கலோரி. தோசைக்கு ஊற்றுகிற எண்ணெய் தனி. நெய்யோ, செக்கில் ஆட்டிய கடலெண்ணெயோ, ஒரு மேசைக்கரண்டி 120 கலோரிக்குப் பக்கம்தான். நெய்யை விட்டவர்களுக்கு எண்ணெயில் கை தாராளமாகிவிடுவதை என்னிடம் வருகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். நான்கு தோசையை இரண்டாக்குங்கள். உங்கள் ஊரில் தக்காளிக்கா பஞ்சம்? தக்காளிச் சட்னி அரையுங்கள். கடலை வாரம் இரண்டு நாள் போதும், அதுவும் தோலோடு வேகவைத்து. உரித்து உரித்துத் தின்பதற்குள் வாய் களைத்துவிடும்.

அடுத்தது களி. என் அம்மா துடுப்புப் போட்டுக் கிண்டி உருட்டினால் ஒவ்வொன்றும் சின்னத் தேங்காய் அளவு இருக்கும். அப்பா அதில் இரண்டை முடித்துவிட்டு மரவள்ளிக் காட்டில் பொழுது சாயும்வரை மண்வெட்டி பிடிப்பார். நீங்கள் இரவில் தின்றுவிட்டுப் படுக்கிறீர்கள். 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி, அதே அளவு அரிசியில் சுமார் 355. வித்தியாசம் அவ்வளவுதான், ராகிக்குக் கொழுப்பைக் கரைக்கும் மந்திரம் எதுவும் தெரியாது. ஆனால் நார்ச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு, 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். பாலை விட்ட உங்களுக்கு இது முக்கியம். அதனால் களியை விடாதீர்கள், உருண்டையை ஆரஞ்சுப் பழ அளவுக்குச் சுருக்குங்கள். கூடவே ஒரு கிண்ணம் கொள்ளுக் கடைசல், இல்லையென்றால் கீரை. எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டுத் தெருவில் நாலு நடை நடங்கள்.

உங்கள் பட்டியலில் புரதம் என்று கண்ணில் படுவது கடலை மட்டும்தான். மதியச் சோற்றில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் தட்டைப்பயறு, மொச்சை, இல்லாவிட்டால் சோயா உருண்டை போடுங்கள். காய்ந்த சோயா 30 கிராமில் 15 கிராம் புரதம் இருக்கிறது. மிட்டாய்க்குப் பதில் சுண்டல், தேங்காய்த் துருவல் பேருக்கு.

வைட்டமின் பி12 பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். செடிகொடி உணவில் அது நம்பும்படி கிடைக்காது. பழைய சோற்றில் இருக்கிறது என்பார்கள், அதை நம்பி இருக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை போடுங்கள். அப்படியே தைராய்டும் பார்த்துவிடுங்கள். வாரம் அரைக் கிலோ குறைந்தால் போதும், அதற்கு மேல் அவசரம் வேண்டாம்.

(சரி, நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: நான் வீகன் இல்லை. மோர் இல்லாமல் எனக்குக் களி இறங்காது.)

கேள்வி: எடை குறைக்கும் வீகன், மாம்பழ சீசனில் என்ன செய்வது?
- ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழம் வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு நாளைக்கு ஒன்று. கொட்டை, தோல் போக 200 கிராம் சதையில் 120 கலோரிதான். டப்பாக் கூழ் வேறு கதை. சர்க்கரை சேர்த்ததா என்று லேபிளைப் படியுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மேல் வேண்டாம், காலையில் ஒரு தோசையைக் குறைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். செந்தூரா வரும்போது மட்டும் எனக்கு இரண்டு தோசை குறையும்.