முறிகண்டி, பத்து நிமிசம் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்பின் அக்காவுக்கு,

உங்களுடைய கிணற்றடிக் கதையை வாசித்த பிறகுதான் எழுதத் துணிந்தேன். அதில் வரும் கிழவி செத்துப்போன புருசனோடு கதைத்துக்கொண்டே தண்ணி அள்ளுவா. என் மகனும் தனியக் கதைக்கிறவன். வயது பதின்மூன்று. ஆறு வயதில் ஓட்டிசம் (autism), மூளை வளர்ச்சியில் வருகிற ஒரு வேறுபாடு என்று சொன்னார்கள். இப்போது கதை பேச்செல்லாம் வரும், படிப்பும் பரவாயில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்பு மாற்றினதும் வளவுக்குள் இறங்கி, மாமரத்துக்கும் வேலிக்கும் இடையில் நடந்து நடந்து ஒரு மணித்தியாலம் கதைப்பான். சிரிப்பான், ஏசுவான். இப்போது ஒரு மாதமாக இரண்டு குரலில் கதைக்கிறான். "எத்தனை தரம் சொல்றது, கையை நீட்டு" என்று ஒரு தடித்த குரல். "இல்லை ரீச்சர், இல்லை ரீச்சர்" என்று ஒரு மெல்லிய குரல். எனக்குக் கேட்கவே பயமாக இருக்கிறது.

ரோட்டால் போகிற சனம் பார்க்கிறது என்று இவர் அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போவார். வகுப்பு ரீச்சரும் இந்தப் பழக்கத்தை நிப்பாட்டச் சொல்கிறா. கடைசிச் சண்டையில் நான் பட்ட பயம்தான் பிள்ளையில் இறங்கியிருக்கிறது, நூல் கட்டினால் சரியாகும் என்பது மாமியின் கதை. இது விசரின் தொடக்கமா அக்கா? நிப்பாட்ட வேண்டுமா?

பெயரைப் போட வேண்டாம்.
மாங்குளப் பக்கத்திலிருந்து ஒரு தாய்

அன்புத் தங்கைக்கு,

நான் டொக்டர் இல்லை, கதை எழுதுகிறவள். எங்கள் தொழிலில் தனியக் கதைப்பது சாதாரணம். பாத்திரம் சொல்வதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் எனக்கு ஒரு வரி வராது. ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா பையையும் தூக்கிக்கொண்டு வேறு சீற்றுக்குப் போய்விட்டா. ஆனால் உங்களுக்குப் பதில் எழுதுவது அதற்காக இல்லை. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்.

அவன் 1996 இல் பிறந்தவன். பேச்சுப் பிந்தித்தான் வந்தது, வந்ததும் மற்ற ஆட்களின் வசனமாகத்தான் வந்தது. 2002 இல், சண்டையால் பூட்டிக் கிடந்த ஏ9 பாதை (யாழ்ப்பாணம்–கண்டி வீதி) திறந்ததும் அம்மம்மாவின் கண் கிளினிக்குக்காக மாதத்துக்கு ஒருக்கால் வவுனியாவுக்குப் போய்வருவோம். அந்த பஸ் கொண்டக்டரை அவன் அப்படியே விழுங்கிவிட்டான். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று அந்த ஆளின் இழுவையோடு, அந்த ஆளின் தொண்டைக் கரகரப்போடு நாள் முழுக்கச் சொல்வான். வீட்டில் எல்லாருக்கும் தலையிடி. ஐயா இரண்டு மூன்று தரம் அடித்தும் பார்த்தார்.

"முறிகண்டி, முறிகண்டி, பத்து நிமிசம்!" என்பதை மட்டும் அவன் சில நேரம் காலை மாற்றி மாற்றி நின்று, அவசரமாகச் சொல்வான். அம்மாவுக்கு அது பிடிபட இரண்டு வருசம் எடுத்தது. முறிகண்டியில் பஸ் நின்றால் எல்லாரும் இறங்குவோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்போம், கச்சான் வாங்குவோம், ஒதுங்கிப் போய்வருவோம். தம்பிக்குச் சலம் முட்டினால் வருகிற வசனம் அது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவனுக்கு உடுப்புத் தோய்க்கிற வேலை பாதியாகக் குறைந்தது.

2006 இல் பாதை பூட்டினார்கள். அந்த பஸ்ஸும் இல்லை, கொண்டக்டரும் இல்லை. ஆனால் 2009 இல் பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டு அவன் "முறிகண்டி" என்றால், செல்லடி ஓய்கிற இடைவெளி பார்த்து ஐயா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். பக்கத்துக் குழிக்குள் இருந்தவர்கள் பெடியனுக்குப் பயத்தில் தட்டிவிட்டது என்று கதைத்தார்கள். அவனுக்கு ஒன்றும் தட்டவில்லை. அன்றைக்கு அங்கே தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்ன ஒரே ஆள் அவன்தான். பிறகு முகாமில் ஒலிபெருக்கி அறிவித்தலை அதே குரலில் திருப்பிச் சொல்லி, நக்கலடிக்கிறான் என்று ஒரு ஆமிக்காரனிடம் மாட்டிக்கொண்டதும் நடந்தது. அம்மா கையைக் காலைக் காட்டி விளங்கப்படுத்தி மீட்டுவந்தா.

ஓட்டிசம் என்ற சொல்லே எங்களுக்கு 2011 இல்தான் கிடைத்தது. அதுவரைக்கும் "ஒரு மாதிரியான பிள்ளை".

ஓட்டிசத்தை முதன்முதல் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் லியோ கானர் என்ற அமெரிக்க மனநல டொக்டர். 1943 இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1946 இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், அவரிடம் வந்த ஐந்து வயதுப் பையன் ஒருவன் "நாயை மாடத்திலிருந்து எறியாதே" என்று சொல்கிறான். அங்கே நாயும் இல்லை, மாடமும் இல்லை. விசாரித்தால், மூன்று வருசத்துக்கு முன் லண்டனில் ஒரு ஹோட்டல் மாடத்திலிருந்து பொம்மை நாயைத் திரும்பத் திரும்பக் கீழே எறிந்திருக்கிறான். எடுத்துக் கொடுத்துக் களைத்த தாய் எரிச்சலில் சொன்ன வசனம் அது. அன்றிலிருந்து எதையாவது எறிய வேண்டும் போல் இருந்தால், அந்த வசனத்தைத் தனக்குத் தானே சொல்லித் தன்னைத் தடுத்துக்கொள்வானாம். இதை வாசித்த அன்றைக்கு நான் அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "எங்கட முறிகண்டி மாதிரித்தான்" என்றா.

இப்படிக் கேட்டதைத் திருப்பிச் சொல்வதை அர்த்தமில்லாத கிளிப்பேச்சு என்றுதான் கனகாலம் நிப்பாட்டப் பார்த்தார்கள். பரி பிரிசன்ட், ஜூடித் டுஹான் என்ற இரண்டு பேச்சு ஆய்வாளர்கள் 1981 இல், நான்கு பிள்ளைகள் கேட்டவுடன் திருப்பிச் சொன்ன பேச்சைப் பதிந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட வசனங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். கேட்பதற்கு, ஓம் என்பதற்கு, கதையில் தன் முறைக்குப் பதில் பேசுவதற்கு, தன்னை நடத்திக்கொள்வதற்கு என்று ஏழு விதமான தேவைக்கு அது பயன்பட்டிருந்தது.

உங்கள் ரீச்சர் ஆசிரியர் கலாசாலையில் வைகொட்ஸ்கி என்ற உளவியலாளரின் பெயரைக் கட்டாயம் படித்திருப்பா. சின்னப் பிள்ளைகள் விளையாடும்போது வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி விளையாடுவார்களே, அந்தப் பேச்சு அழிந்துபோவதில்லை, உள்ளே இறங்கி யோசனையாகிறது என்று சொன்னவர் அவர். எங்களுக்கும் முழுதாக இறங்கிவிடுவதில்லை. திறப்பைத் துலைத்தால் "எங்க வைச்சனான், எங்க வைச்சனான்" என்று வாய்விட்டுத்தானே தேடுகிறோம். ஓட்டிசம் உள்ள பலருக்கு அது வளர்ந்த பிறகும் வெளியிலேயே நடக்கிறது. பகல் முழுக்க இரைச்சலுக்குள் இருந்து வந்த பிள்ளை, நடந்ததை மாமரத்தடியில் ஒருக்கால் ஓட்டிப் பார்க்கிறான். நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பழகியும் பார்ப்பான். வேலை செய்கிறவனை இழுத்துக்கொண்டு உள்ளே போனால் வேலை பாதியில் நிற்கும், அவ்வளவுதான்.

சரி, அந்த இரண்டு குரலுக்கு வருவோம். நீங்கள் அது இரண்டு குரலாக இருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். நான் உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன், ஆனால் குரலுக்காக இல்லை. "கையை நீட்டு" என்று அவனுக்கு யார் சொன்னது? ஒரு மாதமாக என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதத்துக்கு முன் வகுப்பில் என்ன மாறியது? அடி வாங்கியது அவனா, பக்கத்துப் பிள்ளை வாங்கியதைப் பார்த்தானா என்று இங்கிருந்து எனக்குச் சொல்ல முடியாது. "பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது" என்று நேரே கேட்டால் என் தம்பி மாதிரிப் பிள்ளைகள் பெரும்பாலும் "ஒண்டும் இல்லை" என்பார்கள். மாமரத்திடம் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அவன் கதைக்கும்போது உடுப்புக் காயப்போடுகிற சாட்டில் பக்கத்தில் நில்லுங்கள். குறுக்கே பேச வேண்டாம். கேட்டதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். ஒரு கிழமை போதும்.

பிறகு கொப்பியோடு அதிபரிடம் போங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. தன்மையாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். அங்கே சரிவராவிட்டால் வலயக் கல்விப் பணிமனை இருக்கிறது.

விசரா என்று கேட்டீர்கள். தனக்குத் தானே கதைப்பதும், இல்லாத ஒரு ஆளின் குரல் காதில் விழுந்து அதற்குப் பதில் சொல்வதும் வேறு வேறு. கேட்ட வசனத்தை நடித்துப் பார்ப்பது முதலாவது. ஆனால் நித்திரை இல்லாமல் போனால், யாரோ தன்னைச் செய்யச் சொல்கிறார்கள் என்று பயந்தால், சாப்பாட்டை விட்டால், தன்னை அடித்துக்கொண்டால் நாள் கடத்தாமல் வைத்தியசாலை மனநலப் பிரிவில் காட்டுங்கள். பதின்ம வயதில் அப்படி வந்தால் அதையும் ஓட்டிசத்தின் கணக்கில் போட்டுவிட்டு இருக்கக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரருடைய பிரச்சினை ரோட்டுச் சனம். வேலியில் நாலு கிடுகைக் கூட வைத்து அடைத்துவிட்டால் பாதி முடிந்தது. வெளியில் போகும்போது காதில் போன் வயரை மாட்டிவிடுங்கள். இந்தக் காலத்தில் காதில் வயர் இருந்தால் ஏ9 நடுவில் நின்று கத்தினாலும் வெளிநாட்டுக் கோல் என்றுதான் நினைக்கும் சனம்.

மாமிக்கு என்ன சொல்வது என்பதுதான் கஷ்டம். நீங்கள் பட்ட பயம் பிள்ளைக்கு இறங்கவில்லை. தாயின் மனம் இறுகிப்போனதால்தான் பிள்ளை இப்படி வந்தது என்று ஒரு காலம் பெரிய டொக்டர்மாரும் எழுதினார்கள். பேர்னாட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தானே அப்படியொரு பிள்ளையின் தகப்பன், 1964 இல் எழுதிய புத்தகத்தில் அதை மறுத்தார். இன்று மருத்துவ உலகம் அதை ஏற்பதில்லை. இதையெல்லாம் மாமிக்கு விளக்கிக் களைக்க வேண்டாம். நூல் கட்ட வேண்டுமென்றால் கட்டட்டும். கழுத்தில் வேண்டாம், கையில் கட்டச் சொல்லுங்கள். கழுத்தில் உரசுகிறதை இந்தப் பிள்ளைகள் பலர் தாங்கமாட்டார்கள். என் தம்பி மூன்று தரம் அறுத்தெறிந்து மூன்று தரமும் அடி வாங்கினான்.

அந்தக் கொப்பியில் முதல் நாள் என்ன எழுதினீர்கள் என்று எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா