வாசகர் கேள்வி – பதில்: வெந்த சிங்கி இறாலில் என்ன இருக்கிறது?

கே: கிழக்குக் கடற்கரைச் சாலை உணவகம் ஒன்றின் மெனுவில் ‘கிரேஃபிஷ்’ என்று போட்டிருந்தது. காசிமேட்டில் விசாரித்தால், “அது நம்ம சிங்கி இறால்தான்” என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? வேகவைத்த பிறகு எவ்வளவு சத்து இருக்கும்?
– வாசகர், பெரம்பூர்

இரண்டும் ஒன்றல்ல. கிரேஃபிஷ் ஆற்றிலும் குளத்திலும் சதுப்பிலும் வாழும் நன்னீர் உயிரி. முன்னால் இரண்டு பெரிய கொடுக்குகள் இருக்கும். இந்திய நீர்நிலைகளில் அது இயற்கையாகக் கிடையாது. நம் கடலில் பிடிபடும் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு இல்லை, முள் நிறைந்த நீண்ட மீசைதான் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவில் கடல் சிங்கியையே ‘கிரேஃபிஷ்’ என்று அழைப்பதால்தான் இந்தக் குழப்பம். தட்டு வந்ததும் கொடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

உப்பும் எண்ணெயும் சேர்க்காமல் வேகவைத்த நன்னீர் கிரேஃபிஷ் சதை 100 கிராமில் சுமார் 82 கலோரி, 17 கிராம் புரதம், 1.2 கிராம் கொழுப்பு இருக்கும். மாவுச்சத்து இல்லை. பாஸ்பரஸ் 270 மில்லிகிராம், செலினியம் 37 மைக்ரோகிராம், பி12 சுமார் 2 மைக்ரோகிராம். இந்த பி12 அளவு, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதில் பெரும்பகுதி. சிங்கி இறால் இன்னும் அடர்த்தியானது: அதே 100 கிராமில் 143 கலோரி, 26 கிராம் புரதம், 7 மில்லிகிராம் துத்தநாகம். இந்தத் துத்தநாக அளவை மீனில் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் இதெல்லாம் சதைக்கான கணக்கு. ஒரு கிலோ முழு கிரேஃபிஷை உரித்தால் வால் சதை 150 கிராம் தேறினால் அதிகம். மொத்தமே 25 கிராம் புரதம்தான். விலையை முழு எடைக்குப் பார்க்காமல், தேறும் சதைக்குப் பாருங்கள்.

கே: அப்பாவுக்கு 61 வயது, கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறார். இறால் வகையே கூடாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சரியா?
– வாசகி, சைதாப்பேட்டை

மொத்தமாக ஒதுக்கத் தேவையில்லை. வெந்த சதை 100 கிராமில் கொலஸ்ட்ரால் சிங்கி இறாலில் சுமார் 90 மில்லிகிராம், கிரேஃபிஷில் 133, சாதாரண இறாலில் 190 அளவில் இருக்கும். ஒரு பெரிய கோழிமுட்டையிலேயே 185-ஐ ஒட்டி இருக்கிறது. ரத்தத்தில் கெட்ட கொழுப்பை அதிகம் ஏற்றுவது உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புதான். அது கிரேஃபிஷில் 0.2 கிராம்தான்.

கெடுப்பது நம் சமையல். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. 100 கிராம் கிரேஃபிஷ் சதையைவிட அதிகம். வெண்ணெயில் புரட்டினாலோ, கெட்டித் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டாலோ, சதையில் அதிகம் இல்லாத நிறைவுற்ற கொழுப்பை நாமே சேர்க்கிறோம். அப்பாவுக்கு ஆவியில் வேகவைத்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் புரட்டிக் கொடுங்கள். வாரம் ஒரு நாள், 100 கிராம் போதும்.

தலைக்குள் இருக்கும் மஞ்சள் விழுதைப் பலர் ருசிக்காகவே உறிஞ்சுவார்கள். அது ஈரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. கொழுப்பு அங்கேதான் சேர்கிறது. காட்மியம் போன்ற உலோகங்களும் அங்கேதான் தங்குகின்றன. அப்பாவுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சிறு குழந்தைகளுக்கும் அதை எடுத்துவிட்டுக் கொடுங்கள். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் தொல்லை அவருக்கு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம். இந்த வகை உணவுகளில், உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் உண்டு.

கே: சிங்கி இறால் ஒரு தடவை ரப்பராகிறது, இன்னொரு தடவை மாவாய்க் குழைகிறது. சத்து வீணாகாமல் எப்படி வேகவைப்பது?
– வாசகி, ராயபுரம்

இரண்டும் வேறு வேறு தவறுகள். ரப்பரானால் நேரம் கூடிவிட்டது: சூட்டில் புரதம் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். மாவானால் தவறு அடுப்பில் இல்லை, வாங்கியதில் இருக்கிறது. உயிர் போனதும் தலையிலுள்ள செரிமான நொதிகள் வால் சதையைக் கரைக்கத் தொடங்கும். அதனால் உயிரோடு வாங்குங்கள். இல்லையென்றால் பிடித்தவுடன் தலை நீக்கி ஐஸில் வைத்த வாலை வாங்குங்கள். தலையோடு வெயிலில் கிடந்தது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். வாலடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைக் கொத்து இருந்தாலும் வாங்காதீர்கள். அது அடுத்த தலைமுறை.

உயிரோடு வாங்கியதை 20–30 நிமிடம் ஐஸில் புதைத்து வையுங்கள், அசைவு நின்றுவிடும். பிறகு கழுவி, இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். அரைக் கிலோ முழு இறாலுக்கு 12 நிமிடம். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்ததற்கு 7–8 நிமிடம். ஓடு சிவந்ததை வைத்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். ஓட்டிலுள்ள அஸ்டாசாந்தின் என்ற நிறமி, சூடு பட்டதும் புரதப் பிடியிலிருந்து விடுபடுவதால் வரும் சிவப்பு அது. உள்ளே சதை பச்சையாகவே இருக்கலாம். தலையும் வாலும் சேரும் இடத்தில் கீறிப் பாருங்கள். கண்ணாடித்தன்மை போய் முழு வெள்ளையாக இருந்தால் இறக்கிவிடலாம். சமையல் வெப்பமானி இருந்தால் நடுச்சதை 63 டிகிரி காட்ட வேண்டும். நன்னீர் கிரேஃபிஷுக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது; அரைவேக்காட்டில் நுரையீரல் புழு தொற்றும் அபாயம் உண்டு.

நிறைய தண்ணீரில் வேகவைத்துக் கொட்டினால் பொட்டாசியமும் பி வைட்டமின்களும் அதோடு போய்விடும். அந்தத் தண்ணீரைக் குழம்பிலேயே சேர்த்துவிடுங்கள். குழம்புக்கு என்றால், புளி பச்சை வாசனை போய் எண்ணெய் பிரிந்த பிறகு, துண்டு போட்ட சதையைச் சேர்த்து 4–5 நிமிடத்தில் இறக்குங்கள். முதுகில் ஓடும் கருப்பு நரம்பு குடல். சமைக்கும் முன்பே உருவி எடுத்துவிடுங்கள்.

கே: இறால் சாப்பிட்டால் மகனுக்கு உதடு வீங்குகிறது. நன்றாக வேகவைத்த சிங்கி இறால் தரலாமா?
– வாசகி, வியாசர்பாடி

தரவே தரக்கூடாது. ஒவ்வாமையைத் தூண்டும் டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம் கொதிக்க வைத்தாலும் அழியாது. இறால், நண்டு, சிங்கி எல்லாவற்றிலும் அது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஒரே எண்ணெயில் பொரித்த மீன்கூட ஆபத்தாகலாம். மூச்சு இழுத்தால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னொன்று: ஓட்டில் கறுப்புப் புள்ளி விழாமலிருக்க சில இடங்களில் சல்ஃபைட் கரைசலில் நனைக்கிறார்கள். அதுவும் மூச்சுத்திணறலைத் தூண்டும்.

கே: இறாலோடு எலுமிச்சை சேர்த்தால் விஷமாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– வாசகர், திருவொற்றியூர்

பொய். இறாலிலுள்ள ஆர்சனிக்கை எலுமிச்சை விஷமாக்கிவிடும் என்பதுதான் அந்த வதந்தி. கடல் உயிரிகளிலுள்ள ஆர்சனிக்கில் பெரும்பகுதி உடலில் நஞ்சாகச் செயல்படாத கரிம வடிவம். எலுமிச்சை பிழிவதால் அது கொல்லும் விஷமாகாது. தாராளமாகப் பிழியுங்கள், உப்பின் தேவையும் குறையும்.

கே: ரத்தசோகைக்குச் சிங்கி இறால் உதவுமா? விலை கட்டுப்படியாகவில்லை.
– வாசகி, தண்டையார்பேட்டை

இரும்புச்சத்துக்காக என்றால் அந்தச் செலவு வேண்டாம். வெந்த சிங்கி இறால் 100 கிராமில் இரும்பு சுமார் 1.4 மில்லிகிராம்தான், நம் நாட்டுப் பெண்களுக்கான பரிந்துரை நாளொன்றுக்கு 29 மில்லிகிராம். ஆட்டு ஈரல், முருங்கைக்கீரை, மருத்துவர் தரும் மாத்திரை, இவைதான் வழி. இறால் ருசி வேண்டுமென்றால் சென்னாக்குன்னி என்ற பொடி இறால் வாங்குங்கள். ஓட்டோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். ஆனால் கருவாட்டுக் கடையில் வாங்குவதில் உப்பும் மணலும் இருக்கும். முதலில் வெறும் சட்டியில் மொறுமொறுப்பாக வறுத்து, முறத்தில் புடைத்து, பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். தொக்குக்கு உப்பை ருசி பார்த்த பிறகே சேருங்கள்.