மூன்று கறுப்புக் கடல் அட்டைகளும் ஒரே இனமா?

கேள்வி: நான் கடல் உயிரியலில் முதுகலை படிக்கிறேன். அந்தமானில் நீல் தீவின் கரையோரப் பவளத்திட்டில், ஓதம் வற்றியிருந்த நேரத்தில் மூன்று கடல் அட்டைகளைப் படமெடுத்தேன். ஒன்று உடலெங்கும் மணல் பூசியபடி திறந்த வெளியில் கிடந்தது. இன்னொன்று கல்லுக்கு அடியிலிருந்து நீளமாக வெளியே வந்திருந்தது. மூன்றாவதன் உடலில் கூம்பு போன்ற முகிழ்கள் வரிசையாக இருந்தன, அவற்றின் நுனி ஆரஞ்சு நிறம். மூன்றும் கறுப்பாக இருந்ததால் குறிப்பேட்டில் மூன்றையும் ஹோலோத்தூரியா அட்ரா என்றே எழுதிவிட்டேன். இது சரியா? விலங்கைத் தொடாமலேயே இனம் காண வழி உண்டா?

பதில்: சரியில்லை. நீங்கள் பார்த்தவை மூன்று வெவ்வேறு இனங்கள் என்றே உங்கள் வர்ணனை காட்டுகிறது. அவற்றுள் ஒன்று வேறு குடும்பத்தையும், குடும்பங்களை உள்ளடக்கும் பெரிய பிரிவான வரிசையிலேயே (order) வேறொன்றையும் சேர்ந்தது. நிறத்தை முதல் அடையாளமாகக் கொண்டதுதான் பிழைக்குக் காரணம். கடல் அட்டைகளில் நிறத்தைக் கடைசியாகத்தான் கேட்க வேண்டும். ஒரே இனத்தில் வெளிறியதும் கறுத்ததும் உண்டு, பல இனங்களில் கறுப்பு பொதுவாகவும் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது உடலின் குறுக்குவெட்டு வடிவம். உங்கள் மூன்றாவது படத்தில் உள்ள விலங்கு உருண்டையாக இல்லாமல், நான்கு விளிம்புகள் கொண்ட பெட்டி போல இருக்கும். அந்த விளிம்புகளின் மேல்தான் முகிழ்கள் வரிசையாக அமைந்திருக்கும். கரும்பச்சை உடலும் ஆரஞ்சு நுனியும் சேர்ந்தால் அது ஸ்டிகோபஸ் குளோரோனோட்டஸ். வெயிலில், ஆழமற்ற நீரில், அந்தக் கரும்பச்சை கறுப்பாகவே தெரியும் என்பதால் இந்தத் தவறு புதிதல்ல. உருளை வடிவமும் தடித்த தோலும் கொண்ட ஹோலோத்தூரிடே குடும்பத்திலிருந்து இதைப் பிரித்துவைப்பதற்கு இந்த ஒரு பார்வையே போதும்.

இங்கே வகைப்பாடு குறித்து ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லூரிப் பாடநூல்கள் பலவற்றில் ஹோலோத்தூரிடேயும் ஸ்டிகோபஸின் குடும்பமும் ஆஸ்பிடோகைரோடிடா என்ற ஒரே வரிசையில் இருக்கும். மரபணுத் தரவுகளைக் கொண்டு 2017-இல் வெளியான திருத்தத்தில் அந்த வரிசை கைவிடப்பட்டது. இப்போது ஹோலோத்தூரியா, ஆக்டினோபைகா, போஹாட்ஷியா ஆகிய பேரினங்கள் ஹோலோத்தூரிடா வரிசையிலும், ஸ்டிகோபஸும் தெலினோட்டாவும் சினலாக்டிடா வரிசையிலும் வைக்கப்படுகின்றன. ஆய்வேட்டில் எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

முதல் இரண்டையும் பிரிப்பதுதான் நுட்பமான வேலை. ஹோலோத்தூரியா அட்ரா வழவழப்பான உருளை. உடலில் மணல் ஒட்டியிருக்கும், ஆனால் முதுகில் ஆங்காங்கே வட்டமான இடங்கள் மணல் ஒட்டாமல் கறுப்பாகத் தெரியும். பவளத்திட்டின் மேற்பரப்பில் கூச்சமின்றித் திறந்த வெளியில் கிடப்பதும் இதுதான். ஹோலோத்தூரியா லியூகோஸ்பைலோட்டாவோ பின்பகுதியைக் கல்லிடுக்கில் பதித்துக்கொண்டு, முன்பகுதியை மட்டும் நீட்டி மேயும். உடல் மென்மையானது, சிறு முகிழ்கள் நிறைந்தது, மணல் பூச்சு இருக்காது. சீண்டினால் ஆசனவாய் வழியாக வெள்ளை நூல்களை வெளியேற்றும். கூவியர் குழல்கள் எனப்படும் அந்த நூல்கள் அட்ராவுக்குக் கிடையவே கிடையாது. அதற்காகச் சீண்டிப் பார்க்க வேண்டாம். கிடந்த இடமும் மணல் பூச்சுமே உங்கள் இரண்டு படங்களையும் பிரித்துவிடுகின்றன.

மன்னார் வளைகுடா மீனவர்கள் இந்த அடையாளங்களை நெடுங்காலமாக அறிவார்கள். போஹாட்ஷியா மார்மொராட்டாவுக்கு அவர்கள் வைத்த பெயர் நூல் அட்டை. கையில் எடுத்தவுடன் தடித்த பசைநூல்களை அள்ளி வீசும் பண்பையே அவர்கள் பெயராக்கியிருக்கிறார்கள். அட்ரா அவர்களிடம் குச்சி அட்டை, ஹோலோத்தூரியா ஸ்காப்ரா வெள்ளை அட்டை. பின்னதன் வயிற்றுப்பக்கம் வெளுத்திருக்கும், முதுகில் குறுக்குச் சுருக்கங்கள் இருக்கும். களத்துக்குப் போகும் மாணவர்கள் இந்தப் பெயர்களை மதித்துக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஊர்ப்பெயர் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், அறிவியல் பெயருக்குச் சான்றாக அதை மட்டும் நம்பக்கூடாது.

அடுத்து வாயும் ஆசனவாயும். வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகள் துடைப்பம் போலக் குட்டையாக விரிந்து மணலைத் துழாவினால் மேலே சொன்ன இரண்டு வரிசைகளில் ஒன்று. மரக்கிளை போலப் பிரிந்து நீரில் விரிந்திருந்தால் டென்ட்ரோகைரோடிடா வரிசை. இறகு போல இருந்து, உடலில் குழாய்க்கால்களே இல்லாமல், பாம்பு போல நீண்டிருந்தால் அப்போடிடா வரிசை. கடைசி வகையைச் சேர்ந்த சினாப்டா மாகுலாட்டா இரண்டு மீட்டரைத் தாண்டியும் வளரும். அதைக் கடல் பாம்பு என்று அஞ்சியவர்கள் உண்டு. ஆசனவாயில் ஐந்து சுண்ணாம்புப் பற்கள் தெரிந்தால் பேரினம் ஆக்டினோபைகா. கடல் அட்டை அந்த வழியாகவே நீரை உள்ளிழுத்து வெளிவிட்டுச் சுவாசிப்பதால், ஓரிரு நிமிடம் அசையாமல் காத்திருந்தால் துளை திறக்கும்போது பற்கள் படத்தில் பதிவாகிவிடும்.

படத்தில் தீராத ஐயத்தைத் தீர்ப்பவை தோலுக்குள் இருக்கும் சுண்ணாம்பு நுண்துணுக்குகள். அரிசி அளவு தோலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, வீட்டில் பயன்படுத்தும் பிளீச்சிங் கரைசலை ஒரு சொட்டு விட்டால் தசை கரைந்து துணுக்குகள் எஞ்சும். நீரால் கழுவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியதுதான். ஸ்காப்ராவில் மேசை வடிவமும் பொத்தான் வடிவமும் இருக்கும். ஸ்டிகோபஸில் ஆங்கில 'சி' எழுத்தைப் போன்ற வளைந்த கம்பிகள் இருக்கும். ஆக்டினோபைகாவிலும் போஹாட்ஷியாவிலும் மேசைகளே இருக்காது. சினாப்டாவில் நங்கூரங்கள் இருக்கும், கையில் ஒட்டிக்கொள்வதும் அவற்றால்தான். முதுகு, வயிறு, உணர்கொம்பு மூன்றிலிருந்தும் தனித்தனியே எடுக்க வேண்டும், ஏனெனில் ஒரே விலங்கில் இடத்துக்கு இடம் வடிவம் மாறும். மாதிரியை எத்தனாலில் வையுங்கள். ஃபார்மலின் அமிலமாக மாறி இந்தத் துணுக்குகளையே கரைத்துவிடும்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. 2001-இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் கடல் அட்டைகள் சேர்க்கப்பட்டன. அனுமதியின்றி ஒன்றைக்கூட எடுப்பது குற்றம். அரிசி அளவுத் தோலுக்கும் இது பொருந்தும் என்றே கொள்ளுங்கள். போர்ட் பிளேரில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதத்துடன் அங்கே பாதுகாக்கப்பட்ட மாதிரிகளைப் பார்க்க அனுமதி கேட்பதே முறையான வழி.

குறிப்பேட்டை இப்படித் திருத்துங்கள். மூன்றாவது படம் ஸ்டிகோபஸ் குளோரோனோட்டஸ். முதல் படத்தில் மணல் படியாத வட்டங்கள் தெளிவாகத் தெரிந்தால் ஹோலோத்தூரியா அட்ரா என்றே விட்டுவிடலாம். தெரியாவிட்டால் பேரினப் பெயருடன் நிறுத்துங்கள். இரண்டாவதை 'ஹோலோத்தூரியா, லியூகோஸ்பைலோட்டாவை ஒத்தது' என்று எழுதுங்கள். அடுத்த முறை ஒவ்வொரு விலங்குக்கும் முழு உடல், வாய், ஆசனவாய், கிடந்த இடம் என நான்கு படங்களை அளவுகோலுடன் எடுத்து, ஆழத்தையும் தரையின் தன்மையையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.