மறுகா பார்ப்பம்

அன்பின் ஐயா,

கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் வணிகம் படிப்பிக்கிறேன். இந்த வருடம் தொழில் வழிகாட்டலையும் அதிபர் என் தலையில் வைத்துவிட்டார். கிழமைக்கு இரண்டு பாடவேளை. பயிற்சி என்று கிடைத்தது ஒருநாள் செயலமர்வு மட்டும். 10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகளிடம் "என்னவாக வர விருப்பம்" என்று எழுதச் சொன்னேன். பெண்பிள்ளைகள் டொக்டர், டீச்சர், நேர்ஸ். பொடியன்மாரில் பாதிப்பேர் "வெளிநாடு" என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்கு (12, 13ஆம் தரம்) கலையும் வணிகமும்தான் உண்டு. தாய்மாரோடு கதைத்தால், "ஓ எல் (சாதாரண தரப் பரீட்சை) முடியட்டும் டீச்சர், மறுகா (பிறகு) பார்ப்பம்" என்கிறார்கள். தொழிற்கண்காட்சி ஒன்று வைக்கச் சொல்லி மேலிடத்தில் கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது என்றே பிடிபடவில்லை.

ஓர் ஆசிரியை

அன்பின் ஆசிரியைக்கு,

கண்காட்சியை வைக்கச் சொன்னால் வையுங்கள். ஆனால் உங்கள் சக்தியை அதில் கொட்டிவிடாதீர்கள். இருபது மேசை, இருபது பதாகை, ஒரு பிரதம அதிதி. பிள்ளைகள் பை நிறையத் துண்டுப்பிரசுரம் அள்ளிக்கொண்டு போவார்கள், ஒருவரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். கேள்வியோடு வராத பிள்ளைக்கு அது இன்னொரு இல்ல விளையாட்டுப் போட்டி. மேசையை ஐந்தாகக் குறையுங்கள். முதல் கிழமையே ஒவ்வொரு பிள்ளையும் மூன்று கேள்வி எழுதி உங்களிடம் காட்டட்டும். அடுத்த கிழமை பதிலை வகுப்பில் சொல்லட்டும். அப்படிச் செய்தால் அந்த ஒருநாள் வீண்போகாது.

"என்னவாக வர விருப்பம்" என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பிள்ளை தான் கண்ட வேலையைத்தான் எழுதும். ஆஸ்பத்திரி கண்டிருக்கிறது, பள்ளிக்கூடம் கண்டிருக்கிறது, கட்டாருக்குப் போன மாமாவைக் கண்டிருக்கிறது. அதைத்தான் எழுதியிருக்கிறது. மாறாகக் கேட்க வேண்டியவை சின்னச் சின்னக் கேள்விகள்: எந்தப் பாடத்து வீட்டுவேலையை முதலில் செய்கிறாய், லீவில் கையால் என்ன செய்தாய், நேற்று யார் யார் வேலை செய்வதைப் பார்த்தாய். ஜோன் ஹொலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆறு வகைப் பிரிப்பை வைத்துத் தயாரித்த வினாத்தாள் ஒன்றைச் செயலமர்வில் தந்திருப்பார்கள். கையால் செய்பவர், ஆராய்பவர், கலை நாட்டமுள்ளவர், பிறருக்கு உதவுபவர், முயற்சியாளர், ஒழுங்காகப் பதிவு வைப்பவர். நல்ல கருவிதான். கெடுவது பயன்படுத்தும் விதத்தில்: நூறு பேரை மண்டபத்தில் இருத்தி நிரப்பச் செய்து, முடிவைப் பேர்சொல்லி வாசித்துவிடுவார்கள். பிள்ளைக்கு அது நெற்றியில் ஒட்டிய முத்திரையாகிவிடும். ஐந்தைந்து பேராக வைத்து, முடிவைக் கதையின் தொடக்கமாக எடுங்கள்.

இனி விசயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர்த் தாய்மார் சொல்லும் அந்த "மறுகா"தான் உங்கள் உண்மையான எதிரி. வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. எந்த வாசல் எப்போது பூட்டுப்படும் என்று பிள்ளைக்கும் வீட்டுக்கும் முன்கூட்டிக் காட்டுவதுதான் உங்கள் வேலை. தொழிலைத் தெரிவு செய்து கொடுப்பது உங்கள் வேலை இல்லை.

10ஆம் தரத்தில் தெரிவுசெய்யும் தொகுதிப் பாடங்களில் பெரிதாக ஒன்றும் பூட்டுப்படுவதில்லை. அதை விட்டுவிடலாம். பெரிய வாசல் உயர்தரப் பிரிவு. முன்பு பெறுபேறு வரும்வரை யோசிக்க அவகாசம் இருந்தது. 2024இல் சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு உயர்தர வகுப்புகளைத் தொடங்கினார்கள். பெறுபேறு கையில் இல்லாமலே பிள்ளை ஒரு பிரிவில் போய் இருந்துவிடும், பிறகு கூட்டாளியும் ரியூசனும் அதை எழும்ப விடாது. ஆகவே உங்கள் இரண்டு பாடவேளையின் கனதியை 11ஆம் தரத்துக்குக் கொடுங்கள்.

பிரிவைப் பற்றி ஊரில் உலவும் தப்புக் கணக்குகளை ஒன்றொன்றாக உடைக்க வேண்டும். முதலாவது, "லேசான பாடம் எடு, ஏ வரும்". பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்ப்பது மூன்று பாடத்தினதும் இசட் புள்ளிகளின் சராசரி. அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியில் இருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறது என்பதே அதில் அளவு. எல்லாருக்கும் புள்ளி அள்ளிக் கிடைக்கும் பாடத்தில் 75 எடுத்தும் பெரிய இசட் புள்ளி வராது. ஆகவே பிள்ளை மற்றவர்களை விட நன்றாகச் செய்யக்கூடிய பாடம் எது என்று தேடுங்கள்.

இரண்டாவது, தொழினுட்பப் பிரிவு. பொறியியல் தொழினுட்பவியல் படித்தால் என்ஜினியர் என்று நினைக்கிறார்கள். அந்தப் பிரிவால் கிடைப்பது பொறியியல் தொழினுட்பவியல் பட்டம். பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். இரண்டும் இருவேறு வழி. தொழினுட்பப் பிரிவு தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. கையால் செய்து பழகிய பிள்ளைக்கு அது பொருந்தும். பேர் ஒத்திருப்பதால் ஏமாறக்கூடாது, அவ்வளவுதான். இதே மாதிரி, உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பயந்து விவசாய விஞ்ஞானம் எடுக்கும் பிள்ளைக்கு மருத்துவ பீடம் அன்றைக்கே பூட்டு. விவசாய பீடம் திறந்திருக்கும், வந்தாறுமூலையிலேயே இருக்கிறது. தெரிந்து எடுத்தால் நல்ல முடிவு. தெரியாமல் எடுத்து 13ஆம் தரத்தில் அறிந்துகொள்வதுதான் அவலம்.

உங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் இல்லை. டொக்டர், நேர்ஸ் என்று எழுதிய பிள்ளைகளுக்கு இதை 10ஆம் தரத்திலேயே சொல்லிவிட வேண்டும். தாதியர் பயிற்சிக்கும் உயர்தரத்தில் விஞ்ஞான அல்லது கணிதப் பிரிவுச் சித்திதான் கேட்பார்கள். அப்படியானால் எந்தப் பாடசாலைக்கு மாறுவது, எப்படிப் போவது? 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடக்கும் பாதைப்படகுக்குக் காத்து நிற்கத் தேவையில்லை, உண்மை. ஆனால் பின்னேர வகுப்பு முடிந்து வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குத் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஒரு பெண்பிள்ளையின் விஞ்ஞானப் படிப்பு இந்த ஒரு கேள்வியில் நின்றுபோகலாம். நேர அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டே பெற்றோரோடு கதையுங்கள்.

மாவட்டக் கணக்கையும் கவனியுங்கள். இசட் புள்ளி அடிப்படையில் இடம் கொடுக்கும்போது 40 சதவீதம் நாடளாவிய திறமை, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம் என்று பிரிப்பார்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. எந்த மாவட்டம் என்பதைத் தீர்மானிப்பது படித்த பாடசாலை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடத்தைப் பார்ப்பார்கள். களுவாஞ்சிகுடியில் இருந்து கல்முனைக்கு பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் பெரியகல்லாறு தாண்டினால் அம்பாறை மாவட்டம். பாடசாலை மாறும் பிள்ளை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் இந்தப் பகுதியை வாசித்துவிட்டே மாற வேண்டும்.

கைநூலைப் பெறுபேறு வந்த பிறகுதான் எல்லாரும் தூக்குவார்கள். போன வருடத்துப் பிரதி ஒன்றை 12ஆம் தரத்தில் மேசையில் வையுங்கள். கற்கைகளின் விருப்ப ஒழுங்கு எழுதும்போது நடக்கும் பெரிய பிழை, போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துக் "கிடைக்கக் கூடியதை" முதலில் போடுவது. மேலே எழுதியதில் எது கிடைக்குமோ அதைத்தான் தருவார்கள், கீழே எழுதியதைப் பிறகு பார்க்க மாட்டார்கள். மெய்யாக விரும்பும் ஒழுங்கில்தான் எழுத வேண்டும். உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ வைக்கும் கற்கைகளுக்குத் தனியாக விண்ணப்பம் கோருவார்கள். கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போக வேண்டிய நல்ல பாட்டுக்காரப் பிள்ளை அந்தத் திகதியைத் தவறவிட்டால் இசட் புள்ளி இருந்தும் பயனில்லை. இன்னொன்று: உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி கட்டாயம். "அது சும்மா பேப்பர்" என்று படிக்காமல் போகும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகக் கடிதத்துக்குக் காத்திருக்கும் காலத்தில்தான் மற்ற வாசல்கள் பூட்டுப்படுகின்றன. தாழங்குடா, அட்டாளைச்சேனை தேசிய கல்விக் கல்லூரிகள் மூன்று வருடப் பயிற்சி, கடைசி வருடம் பாடசாலையில் கட்டுறுபயில்வு, அதாவது படிப்பித்துப் பழகுதல். அதற்கும் விண்ணப்பம் அரச வர்த்தமானியில்தான் வரும். உயர் தேசிய டிப்ளோமாவுக்கு அம்பாறையில் ஹார்டி நிறுவகம் இருக்கிறது, மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்ப நிறுவகங்கள் இருக்கின்றன. விவசாய டிப்ளோமாவுக்குப் பாலமுனை விவசாயப் பாடசாலை. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும். உயர்தரப் பிள்ளைகள் இருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள்: திங்கட்கிழமை காலை, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் அறிவித்தலைக் கையால் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். கற்கையின் பேர், இடம், கேட்கும் தகைமை, முடிவுத் திகதி, தேவையான ஆவணம். ஐந்து நிரல் போதும். ஒரு வருடம் ஒட்டினால் அடுத்த வருடம் எந்த மாதம் எது வரும் என்று அந்தச் சுவரே சொல்லும்.

கணிதத்தில் டபிள்யூ (சித்தியில்லை) எடுத்த பிள்ளைகளுக்கும் உங்கள் வகுப்பில் இடம் வேண்டும். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவில் சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் 12ஆம் தரத்துக்குப் போகலாம், முடிவில் தேசிய தொழிற்தகைமை 4ஆம் மட்டம் வரை எடுக்கலாம். அருகில் எந்தப் பாடசாலையில் நடக்கிறது, என்ன பாடங்கள் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். தொழிற்தகைமை ஏழு மட்டம்: 1 முதல் 4 சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். வெல்டிங் பழகிய பிள்ளைக்கும் பட்டம் வரை ஏணி இருக்கிறது என்பதைத் தகப்பன்மாருக்குச் சொல்லும்போது முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். ஏற்கெனவே கராஜில் நிற்கும் அண்ணன்மாருக்கும் வழி உண்டு. வேலை அனுபவத்தை மதிப்பிட்டு, வகுப்புக்குப் போகாமலே சான்றிதழ் பெறும் முறை இருக்கிறது.

"வெளிநாடு" என்று எழுதிய பொடியன்மாரை ஏசாதீர்கள். அது ஊரின் பேர், வேலையின் பேர் இல்லை என்று மட்டும் சொல்லி, "அங்கே என்ன வேலை?" என்று கேளுங்கள். வயரிங், குளிரூட்டி திருத்தல், குழாய் வேலை என்று ஏதாவது வரும். அதற்கு இங்கேயே எங்கே பழகலாம் என்று பார்த்தால் கதை மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையத்திலோ வந்து நிற்கும். சான்றிதழோடு போகிறவனும் வெறுங்கையோடு போகிறவனும் ஒரே விமானத்தில் போனாலும் ஒரே சம்பளத்துக்குப் போவதில்லை.

கல்முனையிலும் மட்டக்களப்பு நகரத்திலும் "சர்வதேச டிப்ளோமா" பதாகைகள் தொங்குகின்றன. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த நிறுவனமா, பதிவு இன்னும் செல்லுமா, குறிப்பிட்ட அந்தக் கற்கைக்குத் தராதர அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பதிவைக் காட்டி, அங்கீகாரம் இல்லாத கற்கைக்குக் காசு வாங்குவது வழமையான தந்திரம்.

வேலையைக் காட்ட எட்டுப் பிள்ளைகளோடு ஒரு நெல் ஆலைக்குப் போங்கள், ஒன்றரை மணித்தியாலம் போதும். எத்தனை வகை வேலை என்று எண்ணச் சொல்லுங்கள். தராசு, கொதிகலன், மின்சாரம், கணக்கு, லொறி, அரிசியை நிறம்பார்த்துப் பிரிக்கும் இயந்திரத்தைத் திருத்துகிறவர். நெல்லைக் களஞ்சியப்படுத்த ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என்று ஈரப்பதன் மானியை வைத்துப் பார்க்கும்போது விஞ்ஞானப் பாடம் எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு விளங்கும். ஆள் பிடித்துத் தர மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். அவருடைய வேலையில் பாடசாலை வழிகாட்டலும் ஒன்று.

பெற்றோர் கூட்டத்தை அறுவடைக் காலத்திலோ தான்தோன்றீஸ்வரர் கோயில் திருவிழாக் கிழமையிலோ வைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று கவலைப்படாதீர்கள். பொதுக்கூட்டத்தை விடவும் பிள்ளையும் தாயும் நீங்களுமாகப் பதினைந்து நிமிடம் இருப்பது மேல். ஒரு தாளில் இரண்டு வழி எழுதுங்கள். முதல் வழி பிழைத்தால் இரண்டாவது எங்கே தொடங்கும், மாதம் எவ்வளவு போக்குவரத்துச் செலவு. தாய் கையொப்பமிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.

நாளைக்கே தொடங்க ஒன்று இருக்கிறது. 11ஆம் தரத்தில் ஒவ்வொருவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் பரீட்சை விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகப்பன் பேரில் ஓர் எழுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டல், முதலெழுத்துகளின் ஒழுங்கு. மூன்றிலும் ஒத்துப்போகாத பிள்ளைகள் இருப்பார்கள். நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் இதைத் திருத்த ஓடினால் முடியாது, பதிவாளரிடம் திருத்தம் எடுக்க மாதக்கணக்காகலாம். அந்தப் பட்டியலை இந்தத் தவணைக்குள் எடுத்துவிடுங்கள்.