சருகு மக்காமல் கிடந்தால் அது சேமிப்பா?

கேள்வி: அனல் மின் நிலையப் புகையிலும் வாகனப் புகையிலும் இருக்கும் நைட்ரஜன் மழையோடு காட்டில் இறங்குகிறது என்கிறார்கள். நைட்ரஜன் என்பது தழைச்சத்துதானே, அது கிடைத்தால் மரம் செழிக்கும். மண்ணில் கரிமமும் (கார்பன்) கூடும். அப்புறம் ஏன் அதை மாசு என்கிறோம்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: பல காடுகளில் கூடத்தான் செய்கிறது. எப்படிக் கூடுகிறது என்பதில்தான் வில்லங்கம். சருகிலும் சுள்ளியிலும் உள்ள லிக்னினை, அதாவது மரத்துக்கு உறுதி தரும் கடினப் பொருளை, உடைப்பவை பெரும்பாலும் பூஞ்சைகள். தழைச்சத்து மேலிருந்து தாராளமாக விழும்போது, அதற்கான நொதிகள் சுரப்பது குறைகிறது. மண்ணில் அமிலத்தன்மை ஏறினால் மற்ற நுண்ணுயிர்களும் மந்தமாகின்றன. ஆக, சருகு மக்காமல் தேங்குகிறது. பந்தியில் ஆள் குறைந்ததால் சோறு மிஞ்சியது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளைச்சல் பெருகியதாகக் கணக்கெழுத முடியுமா?

நெடுநாள் நிற்கும் கரிமம் பெரும்பாலும் வேறு வகை. நுண்ணுயிர்கள் தின்று செரித்த மிச்சமும் அவற்றின் எச்சமும் களித்துகளிலும் இரும்பு ஆக்சைடிலும் ஒட்டிக்கொள்பவை அவை. பாதி மக்கிய சருகுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. நம் கரையோர மணலில் களியும் குறைவு.

அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1988 முதல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 50, 150 கிலோ என்று தழைச்சத்து இட்டுப் பார்த்தார்கள். அகன்ற இலை மரங்களின் கீழ் மண் கரிமம் ஏறியது. 150 கிலோ இட்ட பைன் பகுதியிலோ மரங்களே பெருமளவில் செத்தன. அது குளிர்நாட்டுக் காடு. அந்தக் கணக்கை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது. நம் செம்புரை மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்துக்கொள்வதால், மரத்துக்குத் தட்டுப்பாடு அதில்தான் அதிகம். மரம் எடுக்காத தழைச்சத்து நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்கு இறங்கும். ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகும்; 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் சுமார் 273 மடங்கு சூடேற்றும்.

கேள்வி: ஐயனார் கோயில் காட்டு மண்ணில் கரிமத்தை அளக்க விரும்புகிறோம். எப்படி மண் எடுப்பது?
– கல்லூரி மாணவி, புதுச்சேரி

பதில்: முதலில் கோயிலாரிடம் அனுமதி. சருகை ஒதுக்கித் தனியே எடை போடுங்கள். மண்ணோடு கலந்தால் முடிவு வீங்கிவிடும். 0–10, 10–20, 20–30 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக எடுத்து, நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். பலர் விட்டுவிடுவது பரும அடர்த்தி. கொள்ளளவு தெரிந்த இரும்பு வளையத்தை அடித்திறக்கி எடுத்த மண்ணை 105 டிகிரியில் உலர்த்தி, எடையைக் கொள்ளளவால் வகுக்க வேண்டும். கரிமம் 1.2 சதவீதம், அடர்த்தி கன செ.மீ.க்கு 1.4 கிராம், ஆழம் 30 செ.மீ. என்றால் மூன்றையும் பெருக்குங்கள்: ஹெக்டேருக்கு 50.4 டன். கல் இருந்தால் அதன் பங்கைக் கழிக்க வேண்டும்.

உப்பங்கழி ஓரத்து மண்ணா? ஆய்வகத்தில் கரிமத்தை அளக்கும் டைகுரோமேட் முறையில், உப்பில் உள்ள குளோரைடும் கரிமம் போலவே கணக்கில் ஏறும். சில்வர் சல்பேட் சேர்க்கச் சொல்லுங்கள்.

மேலே சொன்ன இரு வகைக் கரிமத்தையும் பிரிக்க ஒரு வழி உண்டு. 10 கிராம் மண்ணில், லிட்டருக்கு 5 கிராம் வீதம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைத்த நீர் 30 மி.லி. ஊற்றி, 15 மணி நேரம் குலுக்கி, 53 மைக்ரான் சல்லடையில் அலசுங்கள். மேலே தங்குவது மணலும் சருகுத் துணுக்கும். கீழே இறங்குவதில் இருப்பதுதான் களியோடு ஒட்டிய கரிமம்.

கேள்வி: காட்டோரம் முந்திரித் தோப்பு. யூரியா போடலாமா?
– விவசாயி, பண்ருட்டி

பதில்: போடலாம், தூவாதீர்கள். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. மேலே கிடந்தால் ஒரு பங்கு அம்மோனியாவாகப் பறந்து பக்கத்துக் காட்டில் இறங்கும். மரத்தைச் சுற்றி வட்டக்கால் பறித்து, போட்டு, மண்ணால் மூடுங்கள்.